சங்கத்து வண்டியின் எஞ்சின் குலுங்குவது ஏன்?

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்போது நூல் கொள்முதல், கூலிப் பட்டுவாடா, கையிருப்பு ஆகியவற்றில் ஐயம் தோன்றினால் அதனைத் தீர்த்துக்கொள்ளும் வழி எனக்குத் தெரியும். நூல் கட்டுகளை எண்ணலாம், துணியை அளக்கலாம், கூலிப் பட்டியலில் கையொப்பமிட்டுள்ள நெசவாளரை நேரிற் கண்டு கேட்கலாம். ஆனால் “வண்டி பழுதுபார்த்த வகையில்” என்று தொடங்கும் வவுச்சரைக் கண்டால் மட்டும் நெடுநாள் நான் வாயடைத்து நின்றதுண்டு. வணிகவியல் படித்துப் பட்டம் பெற்றவனுக்கு நாசில் எது, பிஸ்டன் வளையம் எது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பட்டறைக்காரர் எழுதியதே கணக்கு. அதைக் கூட்டிப் பார்த்துச் சரியென்று குறியிடுவதே என் வேலையாக இருந்தது.

அந்நிலை மாறுவதற்குக் காரணமாயிருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. நான் பார்வையிடும் நெசவாளர் சங்கம் ஒன்று 2006ஆம் ஆண்டில் வாங்கிய டீசல் வண்டி அது. வாரத்தில் நான்கு நாள் ஊர் ஊராக நூல் கொண்டுபோய்க் கொடுத்துத் துணியை எடுத்துவரும்; எஞ்சிய நாட்களில் பக்கத்து விவசாயிகள் சங்கத்தாருக்கு மஞ்சளும் காய்கறியும் ஏற்றிச் செல்லும். ஒரு புரட்டாசி மாதத்தில் அதன் எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. நிறுத்தி வைத்து ஓட விட்டால் கதவுக் கண்ணாடி நடுங்கும். காலையில் எளிதிற் கிளம்பாது. கிளம்பினால் சில நிமிஷம் வெண்புகை கக்கும். தீபாவளித் துணி வெளியூர் செல்லவேண்டிய சமயம். பட்டறையில் காட்டியதற்கு, “போர் தேய்ந்துவிட்டது; எஞ்சினை இறக்கிப் பிரிக்கவேண்டும்” என்று சொல்லி ரூ. 65,000க்கு மதிப்பீடு கொடுத்துவிட்டார்கள். நிர்வாக சபையாரும் அதற்கு இசையும் நிலையில் இருந்தனர்.

இதனோடு மற்றொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்பதரைக்கு இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் ஓட்டப் புத்தகத்தைப் புரட்டிய நான், “டீசல் செலவு மிகுதி. டிரைவரிடம் விளக்கம் பெற்று, மிகுதித் தொகையை வசூலிக்கவும்” என்று சிவப்பு மையினால் எழுதி வைத்திருந்தேன். பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்த மனிதர் அவர். விளக்கமாக அவரால் எதையும் எழுத முடியவில்லை. மாதம் ரூ. 800 வீதம் மூன்று மாதம் பிடித்தம் செய்யப்பட்டது. அவர் டீசலை இறக்கி விற்கிறார் என்று ஊரில் பேச்சும் கிளம்பிவிட்டது.

அச்சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் தமையனார் பேருந்துப் பணிமனையில் டீசல் பம்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அவரையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று காரியதரிசி சொன்னார். அப்பெரியவர் இரண்டு காலைப் பொழுதுகளில் எங்களுக்குக் காட்டியதையும், பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். வண்டி வைத்திருக்கும் சங்கங்கள் பலவற்றிலும் இதே வகைப் பழைய டீசல் எஞ்சின்களே ஓடுகின்றன.

முதலில், குலுக்கம் என்பது என்ன? நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு முறை வெடித்துத் தள்ளுகிறது. வண்டி நிற்கையில் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 750 சுற்று ஓடுகிறது என்று கொண்டால், நான்கும் சேர்ந்து நிமிஷத்துக்கு 1,500 முறை, அதாவது வினாடிக்கு 25 முறை தள்ளுகின்றன. அவ்வளவு நெருக்கமாக வருவதால் நமக்கு அது ஒரே சீரான ஓட்டமாகத் தோன்றுகிறது. நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டால் வினாடிக்கு ஆறு முறை ஒரு பள்ளம் விழுகிறது. மெக்கானிக்குகள் “மிஸ்ஸிங் அடிக்கிறது” என்று சொல்வது இதைத்தான். நான்கு மிதி கட்டிய தறியில் ஒரு மிதியின் கயிறு அறுந்தால் அடுத்த தெருவில் இருப்பவரும் ஓசையைக் கொண்டே அதை அறிந்து சொல்வார் அல்லவா? அந்தச் செவி நம் அங்கத்தினர் பலருக்கும் உண்டு. எஞ்சினுக்கும் அதைத் திருப்பினால் போதும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் இல்லை. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கும் அளவுக்கு பிஸ்டன் நெருக்குகிறது. அதனால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறுகிறது. அந்நேரத்தில் நாசில் வழியாக டீசல் பனிபோல் தூவப்பட, அது தானே தீப்பற்றிக்கொள்கிறது. இந்த முறைக்கு ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1893இல் உரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகைச் சிறு எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பது கடலை பயிரிடும் அங்கத்தினருக்கு உவப்பான செய்தியாக இருக்கும். (அதை நம்பி இன்றைய வண்டியில் யாரும் கடலை எண்ணெய் ஊற்றவேண்டாம், அதன் நாசில் அதற்காகச் செய்யப்பட்டதன்று.) ஆகவே டீசல் எஞ்சின் சரியாக ஓடாவிட்டால் ஐயப்படவேண்டியவை சிலவே: டீசல் சரியாக வந்து சேரவில்லை, சரியாகத் தூவப்படவில்லை, தூவும் நேரம் பிசகிவிட்டது, காற்று போதவில்லை, அல்லது காற்றின் நெருக்கம் குறைந்துவிட்டது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்கு மட்டுமே பெரும்பாலும் எஞ்சினைப் பிரிக்கவேண்டிவரும். பட்டறையிலோ கடைசியானதையே முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியவர் வந்தவுடன் பேனட்டைத் திறக்கவில்லை. டிரைவரை அழைத்து அருகில் உட்கார வைத்துக்கொண்டார். “எப்போது குலுங்குகிறது? காலையில் மட்டுமா, நாள் முழுவதுமா? பாரம் ஏற்றினால் கூடுகிறதா, குறைகிறதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டிரைவர் சொன்னார்: “ஐயா, நிற்கும்போது எப்பொழுதும் குலுங்குகிறது. இராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் நெடுநேரம் ஸ்டார்ட்டர் அடிக்கவேண்டியிருக்கிறது. டேங்கில் டீசல் குறைவாக இருந்து, மேட்டிலும் ஏறினால், இழுவை விட்டுப் போகிறது. டேங்கை நிரப்பிவிட்டால் அந்தக் கோளாறு மட்டும் தெரிவதில்லை.” இத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. நிர்வாக சபையாரும் கேட்கவில்லை, பட்டறையிலும் கேட்கவில்லை; விளக்கம் எழுதித் தரச்சொன்ன நானும் இதைக் கேட்கவில்லை.

“இது ஒரு நோய் அன்று, இரண்டு நோய்” என்றார் பெரியவர்.

அடுத்துப் புகையைப் பார்த்தார். புகை மூன்று நிறம். கறும்புகை வந்தால் டீசல் மிகுதி அல்லது காற்று குறைவு என்று பொருள். பருத்திப் பஞ்சும் புழுதியும் பறக்கும் நம் ஊர்களில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்வது மிகச் சாதாரணம். அதைக் கழற்றிப் பார்ப்பதற்கு மெக்கானிக்கே வேண்டியதில்லை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம். வெண்புகையில் இரு வகை உண்டு. கண்ணை எரித்து டீசல் நாற்றமடித்தால் அது எரியாத டீசல். ஒருவித இனிப்பு வாசனையுடன், எஞ்சின் சூடான பின்னும் நீராவிபோல் வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்துவந்தால், சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறது என்று ஐயுறவேண்டும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுவதே நலம். எங்கள் வண்டியில் வந்தது கண்ணை எரிக்கும் முதல் வகை. நீலப் புகை சிறிதும் இல்லை. எஞ்சின் ஓடுகையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தபோதும் குபுகுபுவென்று புகை எழவில்லை. போர் தேய்ந்த எஞ்சினாயின் அங்கே புகை அடித்துக்கொண்டு வரும்.

இனி டீசல் வரும் பாதை. இதைச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். ஏனெனில் பழைய வண்டிகளின் தொல்லையிற் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை ஃபீட் பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, பெரிய பம்ப்புக்குக் கொடுக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள ரப்பர் குழாயில் உறிஞ்சும் வேலை நடைபெறுகிறது. ஆகவே அங்கே ஒரு வெடிப்பு இருந்தால், எஞ்சின் ஓடுகையில் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். கசிவையே தேடிக்கொண்டிருப்பவர் கண்ணில் அது படவே படாது. இராத்திரி வண்டி நிற்கையில் அந்த வெடிப்பின் வழியே காற்றுப் புகுந்து, குழாயிலுள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் அந்தக் காற்றை எல்லாம் தள்ளித் தீர்த்த பிறகுதான் எஞ்சினுக்கு டீசல் கிடைக்கும். மேட்டில் ஏறும்போது பின்பக்கத்திலுள்ள டேங்க் எஞ்சினைவிட இன்னும் தாழ்ந்துபோவதாலும், டீசல் குறைந்திருப்பதாலும், பம்ப் அதிகமாக இழுக்க வேண்டியதாகிறது. காற்றும் அதிகமாகப் புகுகிறது. டிரைவர் சொன்னதற்கெல்லாம் இதுவே விளக்கம்.

இதைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கக்கூடிய கண்ணாடி போன்ற தெளிவான குழாயை இணைத்துவிட்டு எஞ்சினை ஓட்டினால், குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அல்லது டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான கேனில் டீசலை ஊற்றி எஞ்சின் அருகே வைத்து, புதிய குழாய் ஒன்றினால் நேரே உறிஞ்சச் செய்தால் போதும். கோளாறு நின்றுவிட்டால் குற்றம் டேங்குப் பக்கத்துப் பாதையில் இருக்கிறது. எங்கள் வண்டியில் குமிழி மணிமணியாக ஓடியது. கிளிப் போட்டு இறுக்கியிருந்த இடத்துக்கு அடியில், கிளிப்பைக் கழற்றினால் ஒழியத் தெரியாத இடத்தில், ரப்பர் குழாய் வெடித்திருந்தது.

குழாயை மாற்றிய பிறகு ஏர் எடுக்கவேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்தால் நுரைநுரையாக டீசல் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்கிவிடலாம். ஃபில்டரின் அடியில் தங்கியுள்ள நீரையும் அப்போதே இறக்கிவிடுவது நல்லது. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால் நீர் அடியிலும் டீசல் மேலுமாகப் பிரிந்து நிற்கும். மழைக்காலத்தில் இதை மாதமிருமுறை பார்ப்பது தகும். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் டீசல் வராமற்போகும். ஓட்டத்தில் இழுவை குறைந்தவுடன் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்பதே அதற்கு அடையாளம்.

மறுநாள் காலையில் வண்டி ஒரே அடியில் கிளம்பியது. ஆனால் குலுக்கம் நின்றபாடில்லை. வெண்புகையும் சிறிது இருந்தது. பட்டறையில் சொன்னதே சரியோ என்று தலைவர் கேட்டார். “இது அந்த இரண்டாவது நோய்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஸ்பேனரை எடுத்தார்.

நான்கு சிலிண்டர்களில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் முறை இது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், ஒரு நாசிலுக்கு வரும் இரும்புக் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தவேண்டும். டீசல் அங்கேயே கசிந்துவிடுவதால் அந்தச் சிலிண்டர் வெடிக்காது. நல்ல சிலிண்டராயின் எஞ்சின் ஓசை உடனே இறங்கிக் குலுக்கம் கூடும். ஓசையில் மாறுதலே இல்லையென்றால், அது முன்பே உழைக்காமல் உட்கார்ந்திருந்த சிலிண்டர். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கவேண்டும். முதலாவது, இரண்டாவது, நான்காவது சிலிண்டர்களில் எஞ்சின் தள்ளாடியது. மூன்றாவதில் ஒன்றும் நேரவில்லை. நான்கும் ஒன்றுபோலவே மாறுதல் காட்டினால் தனியொரு சிலிண்டரைக் குறை கூறுவதற்கில்லை.

இங்கே எச்சரிக்கை மிக அவசியம். பழைய எஞ்சின்களிலும் நாசில் திறக்கும் அழுத்தம் ஏறக்குறைய 200 பார், அதாவது சிறு வண்டியின் டயரில் உள்ளதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். அப்படிப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளியாகத் தெரிந்தாலும், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய காயம் அது. கண்ணாடி அணிந்து, நட்டின்மேல் கனத்த துணியைப் போட்டு, சூடான சைலன்சர் குழாயின்மேல் டீசல் படாதபடி செய்யவேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்துவிட வேண்டும். தோளில் துண்டு போட்டுக்கொண்டோ வேட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டோ ஃபேன் பெல்ட்டின் பக்கம் குனியலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காமன் ரெயில் முறையிலுள்ள புதிய வண்டிகளில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. அவற்றில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே போகிறது. அவ்வண்டிகளுக்குக் கணிப்பொறிக் கருவி கொண்டு சோதிக்கும் முறை வேறாக உண்டு.

மூன்றாவது சிலிண்டரில் குற்றம் என்று தெரிந்ததே ஒழிய, நாசிலில் குற்றமா, சிலிண்டரில் குற்றமா என்பது தெரியவில்லை. இங்கேதான் ரூ. 65,000 நிற்கிறது. பெரியவர் செய்தது மிக எளிய காரியம். எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்றாவது நாசிலைக் கழற்றி முதலாவது இடத்திலும், முதலாவதைக் கழற்றி மூன்றாவது இடத்திலும் மாற்றி வைத்தார். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டார். பழையதையே மீண்டும் வைத்தால் அதன் வழியே நெருக்கம் கசியும் என்றார். கழற்றிய குழாய் முனைகளில் சுத்தமான மூடிகளை மாட்டினார். நாசிலின் ஊசிக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. நம் நெசவுக் கொட்டகைப் பஞ்சு ஒரு துளி உள்ளே போனாலும் அது கெட்டுப்போகும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு முன்போல் நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தார். இப்போது மூன்றாவது சிலிண்டர் நன்றாக உழைத்தது, முதலாவது உறங்கியது. குற்றம் நாசிலோடு இடம் மாறிவிட்டது. அது மாறாமல் மூன்றிலேயே நின்றிருந்தால், அந்தச் சிலிண்டருக்கு பம்ப்பிலிருந்து டீசல் வரும் அளவு, வால்வு இடைவெளி, சிலிண்டரின் நெருக்கம் ஆகியவற்றை முறையே சோதித்திருக்க வேண்டும். நெருக்கத்தை அளக்கவும் கேஜ் உண்டு. போர் போய்விட்டது என்று யார் சொன்னாலும், நான்கு சிலிண்டரின் கேஜ் அளவையும் எழுதித் தரும்படி கேட்பதற்குச் சங்கத்துக்கு உரிமை உண்டு.

அந்த நாசிலை டீசல் பம்ப் பட்டறையில் சோதனைக் கருவியில் பொருத்திப் பார்த்தோம். பனிபோல் தூவவேண்டிய இடத்தில் ஒரு பக்கமாகப் பீய்ச்சி, பின்னும் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஒன்பதரையானதன் காரணம் என் கண்ணெதிரே சொட்டியது. இதை இப்படியே ஓட்டினால், எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் ஆயில் நீர்த்துப்போய், பட்டறைக்காரர் சொன்ன போர்த் தேய்மானம் உண்மையாகவே வந்துசேரும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தோம்; ஆயிலில் டீசல் நாற்றம் லேசாக இருந்தது. ஆகவே ஆயிலையும் மாற்றினோம். ரப்பர் குழாய், ஃபில்டர், நாசில், வாஷர், ஆயில், கூலி எல்லாமாக ரூ. 6,340 ஆயிற்று. துணி குறித்த நாளில் வெளியூர் சென்றது.

எஞ்சின் சீராக ஓடியும் வண்டி மட்டும் அதிருமானால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மௌண்ட்டுகளையும் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவை நைந்து போயிருந்தால் நல்ல எஞ்சினும் கெட்டதுபோல் நடுங்கும்.

அடுத்த இரண்டு மாத ஓட்டப் புத்தகத்தைப் பார்வையிட்டேன். லிட்டருக்கு பதினொன்றரைக்குக் குறையவில்லை. ஓட்டப் புத்தகத்தில் கிலோமீட்டர், டீசல் ஆகியவற்றோடு “வண்டியின் நிலை” என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். காலையிற் கிளம்பிய விதம், புகை, ஓசை ஆகியவற்றை டிரைவர் அதில் ஒரு வரியில் எழுதி வருகிறார். என் முந்தைய குறிப்பைத் திரும்பப் பெறுவதாக ஆய்வறிக்கையில் எழுதி, அதன் காரணத்தையும் நிர்வாக சபைக் கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அக்கூட்டத்துக்கு டிரைவரையும் அழைத்திருந்தார்கள். அவரிடம் பிடித்தம் செய்த ரூ. 2,400 அம்மாதச் சம்பளத்துடன் திருப்பித் தரப்பட்டது. அதற்கான வவுச்சரை நான் பார்வையிட்டுக் குறியிட்டிருக்கிறேன்.